பலகையில் இடமில்லை

கடல் நடுவே வெண்மணல்நாடு என்றொரு தீவு இருந்தது. அங்கே விமான நிலையம் அரசருக்கு, படகுத்துறை மற்றவர்களுக்கு. இரண்டிலிருந்தும் வண்டிகள் வெளியேறும் வாசலில் வேக வரம்புப் பலகை வைக்க வேண்டும், மூன்று முறை மீறினால் ஓட்டுநர் உரிமம் ரத்து என்று அரசர் ஆணையிட்டார். நல்ல ஆணைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்நாட்டு வழக்கப்படி எந்தப் பலகையிலும் முதலில் அரசர் படம், அடுத்து அவருடைய பட்டங்கள். வேக எண் அடியில் கடுகளவு வந்தது. ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திப் படித்தார்கள்; வாசலில் நிறுத்துவது குற்றம் என்று அடுத்த ஆணை வந்தது. அரசர் பிறந்தநாளுக்குப் பலகைகளுக்கு மாலை போட்டார்கள். அது சரியாக எண் இருந்த இடத்தை மறைத்தது. மாலையைத் தொட்டால் ராஜதுரோகம் என்று இன்னோர் ஆணை.

படகுத்துறையில் வேன் ஓட்டும் செங்கமலம் மூன்றாம் முறையாகப் பிடிபட்டாள். உரிமம் போனால் பிழைப்பு போச்சு.

"நீ அதிவேகமாகச் சென்றது நிரூபணமாகிவிட்டது" என்றார் விசாரணை நடத்திய சாலை அமைச்சர்.

"எதவிட அதிவேகங்க?"

"பலகையில் உள்ளதைவிட!"

"அதுல எவ்ளோன்னு போட்டிருக்கு? சொல்லுங்க, தெரிஞ்சுக்கிறேன்."

அமைச்சர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் காவலரைப் பார்த்தார். காவலர் தன் பூட்ஸைப் பார்த்தார். பலகை எழுதிய ஓவியரை அழைத்து வந்தார்கள்.

"நம்பரா? மாலை போடுறதுக்கு முன்னாடியே ரெண்டு பட்டம் கூடிப்போச்சுங்க. இடம் பத்தல, அழிச்சிட்டேன். வேணும்னா எந்தப் பட்டத்த எடுக்கலாம்னு ஐயாவே சொல்லிடுங்க."

பட்டத்தில் கைவைத்தால் அதுவும் ராஜதுரோகம்தான். செங்கமலம்தான் உதவினாள்.

"'நீதியின் தராசு'ன்னு ஒண்ணு இருக்கே. அத எடுத்தா அளவா இருக்கும்."

அமைச்சர் பாய்ந்து வந்து உரிமத்தை அவள் கையில் திணித்தார். "போம்மா தாயே! நீ எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல."

அந்நாட்டில் அரசரையும் வாக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். எதற்கு என்று கேட்காதீர்கள். பலகைகளைச் சுத்தம் செய்வேன் என்று சொன்னவர் அந்த ஆண்டு வென்றார். சொன்னபடி பழைய முகத்தைத் துடைத்துவிட்டுத் தன் முகத்தை வரையச் சொன்னார். அவருக்குப் பட்டங்கள் குறைவு. அடியில் பளிச்சென்று முப்பது தெரிந்தது.

மறுநாள் படகிலிருந்து இறங்கிய ஒரு பெண் மூன்று கூடை சாமந்தியோடு செங்கமலத்தின் வேனில் ஏறினாள்.

"என்னக்கா, கல்யாணமா?"

"இல்லடி. புது ராஜாவுக்குப் பொறந்தநாள் வருதுல்ல."

செங்கமலம் பலகையை ஒருமுறை நன்றாகப் பார்த்து, எண்ணை மனப்பாடம் செய்துகொண்டாள்.