மெல்பனில் அருந்ததி தெரிகிறதா?

சுளுக்கு அண்ணையைப் போல் வானத்துக்கு மரியாதை கொடுத்து, பூமியில் இத்தனை பேருடைய மானத்தை வாங்கிய மனிதர் தெற்கு அரைக்கோளத்திலேயே வேறு யாரும் இருக்க முடியாது. எழுதியே தருகிறேன்.

அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது ஒரு கார் நிறுத்துமிடத்தில். பட்டு வேட்டிக்கு மேல் ஓவர்கோட் மாட்டிய ஒரு கூட்டம் அங்கே குளிரில் வரிசையாக நின்றிருந்தது. அந்த வரிசைக்கு வருமுன் அவர் யார் என்று சொல்லிவிட வேண்டும்.

திருச்சியிலிருந்து நான் மெல்பனுக்குப் படிக்க வந்த முதல் மாலை. இருட்டத் தொடங்கியிருந்தது. விடுதிப் புல்வெளியில் ஒரு மனிதர் வடக்கே முதுகைக் காட்டி, கால்களை அகட்டி, நன்றாகக் குனிந்து, முழங்கால்களுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு நின்றார்.

"என்னங்க, ஏதாச்சும் தொலைஞ்சு போச்சா?"

"தொலையேல்லை. கவிண்டு போச்சு," என்றது தலைகீழ் முகம். "மிருகசீரிடம். நிமிர்ந்து பாத்தா தலைகீழா நிக்கும். இப்பிடிப் பாத்தா ஊரில நிண்ட மாதிரி நிக்கும். நீரும் ஒருக்கா குனியும்."

நான் குனியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். சின்ன வயதிலிருந்து நான் பார்த்த ஓரியன் வேட்டைக்காரன் தலை கீழாக, கால் மேலாக நின்றிருந்தான். அந்த மாதப் பௌர்ணமிக்கு நிலாவில் முயலும் கவிழ்ந்து கிடந்தது. எந்த நாட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டோம் என்று அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். பகலில் குடிநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் என்ஜினியர். சனிக்கிழமை மாலைகளில் விடுதி மாணவர்களைப் புல்வெளிக்கு இழுத்துவந்து நட்சத்திரம் காட்டுவார். குனிந்து குனிந்தே கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"தெற்குச் சிலுவையின்ர நெடுங்கட்டையை அப்பிடியே நீட்டிக்கொண்டு போம். அங்கதான் தென் துருவம். என்ன தெரியுது?"

"ஒண்ணுமே தெரியலயே, அண்ணை."

"சரியான பதில்! அங்க ஒண்டும் இல்லை. துருவ நட்சத்திரம் இந்தப் பக்கம் வேலைக்கு வாறேல்லை."

வெளிச்சம் அவருக்கு ஜென்ம விரோதி. ஒருமுறை தெருவிளக்கில் ஏறி அதற்குத் தன் போர்வையைப் போர்த்திவிட்டார். போலீஸ்காரர் வந்தார். அண்ணையைக் கைது செய்யப்போகிறார் என்று நாங்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தோம். அண்ணைக்குப் பக்கத்தில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, போலீஸ்காரரும் குனிந்திருந்தார்.

இப்படிப்பட்டவரைத்தான் என் அறைத்தோழன் சிவம் தன் கலியாணத்துக்கு அழைத்தான்.

இங்கே பக்கத்தில் கோயிலும் கிடையாது, ஐயரும் கிடையாது. கலியாணம் என்றால் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வாடகைக்குக் கிடைக்கும் சர்ச் மண்டபம்தான். மந்திரத்துக்கு ஒரு பல் டாக்டர். "சொல்லுங்கோ" என்பதற்குப் பதிலாக அவ்வப்போது "ஆவெண்டுங்கோ" என்றுவிடுவார். மற்றபடி உச்சரிப்பு சுத்தம். பெண்ணின் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து இதற்காகவே பிளேன் ஏறி வந்திருந்தார். ஒரு குறையும் இல்லாமல் நடந்தது என்று திரும்பிப் போய் ஊர் முழுக்கச் சொல்லவேண்டும். எல்லோரும் அன்ரி என்று கூப்பிட்ட அவருக்கு அது ஒன்றுதான் கவலை.

தாலி ஏறியது. டாக்டர் மணமக்களை வாசலுக்கு அழைத்துப்போய், ஜூலை மாதத்துச் சாம்பல் மேகத்தைக் கைகாட்டினார்.

"அங்க பாருங்கோ, அருந்ததி. தெரியுதோ?"

"தெரியுது," என்றாள் பெண். "தெரியுது," என்றான் சிவம். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். பட்டப்பகலில் அருந்ததி பார்ப்பது நமக்கு என்ன புதிதா?

"எங்க தெரியுது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சாய்ந்த கழுத்தோடு அண்ணை எழுந்து நின்றார்.

டாக்டர் பல்லைக் கடித்தார். "பகலில ஆருக்குத் தெரியும், தம்பி? ஒரு சாத்திரத்துக்குக் காட்டுறதுதானே!"

"பகல் எண்டதில்லை, டொக்டர். இரவிலயும் தெரியாது. மெல்பனில அருந்ததி எழும்புறதே இல்லை. எப்பவும் அடிவானத்துக்குக் கீழதான். அதோட நீங்கள் காட்டினது தெற்குப் பக்கம், அருந்ததி நிக்கிறது வடக்கில."

போன வருடம் இதே வாசலில் அருந்ததி பார்த்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப எங்கட கலியாணம்?"

அன்ரி தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ர பிள்ளைக்கு அருந்ததி காட்டாமல் நான் பிளேன் ஏறமாட்டன்," என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால் ஒருவர் அழவும் கூடும் என்பது அண்ணைக்கு அன்றுதான் தெரிந்தது போலும். விடுவிடுவென்று காருக்கு ஓடி, தானே செய்த தொலைநோக்கியைத் தூக்கிவந்தார். அதன் உடம்பு ஒரு பழைய கழிவுநீர்க் குழாய்.

"கலியாண வீட்டுக்குள்ள கக்கூஸ் குழாயோ!" என்று அலறினார் டாக்டர்.

"அன்ரி, அருந்ததியைக் கொண்டுவர என்னால ஏலாது," என்றார் அண்ணை. "கொஞ்சம் இருட்டட்டும். வேறை ஒண்டு காட்டுறன்."

குளிர்காலமாதலால் சீக்கிரம் இருட்டியது. ஆனால் மேகம் அசையவில்லை. மண்டபத்தைப் பூட்ட வேண்டிய காவலர் சாவியை ஆட்டிக்கொண்டே கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டார். சிவம் என் கையைப் பிடித்து நசுக்கினான். அப்போது தெற்கே மேகம் ஒரு கிழிசல் விட்டது. சிலுவையும், அதன் பக்கத்தில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களும் தெரிந்தன. இரண்டில் பெரியதை நோக்கிக் குழாயைத் திருப்பினார் அண்ணை.

"வெறுங்கண்ணுக்கு ஒண்டு, அன்ரி. இதுக்குள்ளால பாருங்கோ."

"ஐயோ... ரெண்டு!"

"ஓம். ஒண்டை ஒண்டு சுத்திக்கொண்டிருக்கு. எங்கட சூரியனுக்கு அடுத்த வீட்டுக்காரர்."

"விடியக்குள்ள மறைஞ்சிடுமோ, தம்பி?"

"வெளிச்சத்தில தெரியாது. ஆனா இந்த ஊரில அது அடிவானத்துக்குக் கீழ போறதே இல்லை. ஊரில அருந்ததி கூட மறையும்."

அன்ரி வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டார். "பிள்ளை, வந்து பார். உண்மையாவே தெரியுது."

அதற்குப் பிறகுதான் அந்த வரிசை. ஏற்கெனவே கலியாணமான அத்தனை ஜோடிகளும் தத்தம் கலியாணத்தைச் சரிபண்ணிக்கொள்ள நின்றார்கள். காவலர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு தன் மனைவியை அழைத்துவர ஓடினார். பல் டாக்டர் கடைசியில் மனைவியோடு வந்து, தானே 'ஆ' என்று வாயைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

"தம்பி, உமக்கு எப்ப அருந்ததி காட்டுறது?" என்று அண்ணையிடம் கேட்டார் அன்ரி.

"எனக்கு ஒருத்தரும் காட்டத் தேவையில்லை, அன்ரி. சின்னனில எங்கட கிணத்தடியில நிண்டு ஒவ்வொரு நாளும் பாத்தனான். இஞ்ச வந்தாப்பிறகு காணேல்லை." சொல்லிவிட்டு, இறுக்கத் தேவையே இல்லாத ஒரு திருகாணியை இறுக்கினார்.

நானும் சிவமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இப்போது, வருகிற மே மாத விடுமுறைக்குக் கார் தயார். பிரிஸ்பேனையும் தாண்டி, வடக்கு அடிவானத்தில் அருந்ததி தலைகாட்டும் வரை ஓட்டிக்கொண்டே போவதாகத் திட்டம். அண்ணையிடம், மீன் பிடிக்க அவரையும் கூட்டிப்போகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். வானப்படத்தை வைத்துப் பார்த்துவிட்டேன். அருந்ததி மட்டும் அங்கே கவிழ்ந்து தெரியாது. ஊரில் வடக்கே பார்த்த அதே கோலத்தில்தான் நிற்கும். அன்றைக்கு ஒரு நாளாவது அண்ணை கழுத்தை மடக்காமல், நிமிர்ந்து நின்று பார்க்கட்டும்.