மேற்கு ஜெர்மனித் தாத்தா

"பாய், எப்படியாச்சும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுன்னு சொல்லுங்க பாய்!"

லோகு கெஞ்சினான். வாட்ச் ரிப்பேர் பக்கீர் முகம்மது கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு அந்த பாக்கெட் வாட்சைப் புரட்டினார்.

"நான் சொல்லலாம் தம்பி, வாட்ச்சு சொல்ல மாட்டேங்குதே. ஆறுக்குக் கீழ 'மேட் இன் வெஸ்ட் ஜெர்மனி'ன்னு போட்டுக்குது பாரு. வெள்ளக்காரன் கப்பலேறின அப்பறந்தான் ஜெர்மனியே ரெண்டாச்சு. உள்ள சக்கரம் தேயாம இருக்க வைக்கிற கல்லு ஒண்ணுகூட இல்ல. ஏழபாழைங்க வாங்கட்டும்னு செஞ்ச சரக்கு."

லோகுவுக்குப் பேஜாராகிவிட்டது. அவன் காதலிக்கும் ஜெனிபரின் அப்பா சாலமோன் பரம்பரை பார்த்துப் பெண் கொடுப்பவர். கும்மிடிப்பூண்டியில் கான்ட்ராக்டில் இரும்பைத் தேய்த்து கிரைண்டிங் போடுகிறவன் பரம்பரைக்கு எங்கே போவான்? எளாவூர் காயலாங்கடைக்குத்தான் போனான். பழைய இரும்புச் சாமான்களுக்கு நடுவே கிடந்த இந்த வாட்சை வாங்கினான். ரயில் பாதை போட்ட வெள்ளைக்காரத் துரை தன் தாத்தாவுக்குக் கொடுத்தது என்று சாலமோனிடம் அளந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்க வரும்போது கொண்டுவரச் சொல்லிவிட்டார் சாலமோன்.

'வெஸ்ட்'தானே இடிக்கிறது? கண்ணாடியைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தான். கிரைண்டிங் பழகிய கை. 'வெஸ்ட்'டோடு ஆறும் போய்விட்டது.

தேய்த்த இடம் புதுப் பாத்திரமாய் மின்னியது. பழசாக்க டீ டிகாக்ஷனில் ஊறவைத்தான். பழசானது. நின்றும் போனது.

ஜெனிபர் முகர்ந்து பார்த்தாள். "இன்னா லோகு, டீ வாசன அடிக்குது?"

"தொரைங்க டீதான குடிப்பாங்க?"

ஞாயிற்றுக்கிழமை சாலமோன் வாட்சை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"ஆறு எங்க?"

"தாத்தா சாயங்காலம் ஆறுக்கு மேல டைம் பார்க்கமாட்டாரு மாமா."

ஜெனிபர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாலமோன் பின்மூடியை நகத்தால் நெம்பினார். மூடிக்குள்ளேயும் 'வெஸ்ட் ஜெர்மனி' பளிச்சென்று சிரித்தது. இனி ஜெனிபரைச் சர்ச் வாசலில் வேறொருவனோடுதான் பார்க்கவேண்டும்.

சாலமோன் அதைப் படித்தார். அவர் விரல் மூடியோரத்து நசுங்கலைத் தடவி, அங்கேயே நின்றது. முகத்தில் வியர்வை அரும்பியது. படக்கென்று மூடிவிட்டுச் சமையற்கட்டை எட்டிப்பார்த்தார்.

"அசல் தொர வாட்ச்சுதான் மாப்ள," என்றார் ரகசியமாக. "அடுத்த மாசமே கல்யாணத்த வச்சிக்கலாம். மொதல்ல இத்த உள்ள வையி. சீக்கிரம்!"

மாப்ள! சந்தோஷத்தில் லோகு கும்பிடக் கையெடுத்தான். வாட்ச் நழுவி, உருண்டு, காபியோடு வந்த ஜெனிபரின் அம்மா பூவம்மாள் காலடியில் போய் விழுந்தது. எடுத்து நசுங்கலைத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க, உங்க தாத்தாவுக்கு வெள்ளக்காரத் தொர குடுத்ததுன்னு எங்க நைனாகிட்ட காட்டி என்னக் கட்டிக்கினீங்களே, அந்த வாட்ச்சாச்சே இது! போன மாசந்தான காயலாங்கடைல போட்டுட்டு பிளாஸ்டிக் கொடம் வாங்கியாந்தேன்?"