நாற்பது நாள் நல்ல வாய்

தோட்டவெளி, மன்னார்.
தவக்காலத்து ஐந்தாம் வெள்ளி.

பிறப்பால் அக்காவும், துறவறத்தால் சிஸ்டரும், இரண்டாலும் நான் பயப்படுகிறவருமான அருள்நாயகிக்கு,

தம்பி மடுத்தீன் எழுதுவது. யாழ்ப்பாண மடத்தில் எல்லாரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். நான் சுகமில்லை. காரணம் நீங்கள்.

தவக்காலம் தொடங்கின விபூதிப் புதன் அன்று ரெலிபோனில் என்ன சொன்னீர்கள்? "இறைச்சியை விடுறது உனக்கு ஒறுத்தலே இல்லை, நீ மீன்பைத்தியம். வேலையிடத்தில கத்துறதை விடு. கிறிஸ்தவன்ர வாயில கருணை வரவேணும்." விட்டேன் அக்கா. மீள்குடியேறின சனத்துக்கு வீடு கட்டும் எங்கள் கந்தோருக்கு அன்றைக்குப் பிடித்தது சனி. வாகனம் ஓட்டுகிற றைவர் றமீஸ் பிந்தி வந்தான். வழமையாக ஏசுகிற நான், "பரவாயில்லைத் தம்பி, வசதியான நேரம் வாங்கோ" என்றேன். அவனை வேலையால் நிற்பாட்டப் போகிறேன் என்று பயந்து, தாய் உம்மு குல்சூம் பாரைமீனோடு வாசலில் நின்று அழுதா: "சேர், என்ட புள்ளய முந்தி மாதிரியே ஏசுங்க சேர்!" மேசன் சரவணமுத்தர் கட்டின சுவர் சரிந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் வடிவா இருந்தா நல்லது" என்றேன். மனுசன் சரிவை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் சீமெந்தில் தாமரைப்பூ வைத்திருக்கிறார். இதெல்லாம் சிரித்துக்கொண்டு பொறுத்தேன். பூமணியக்காவின் விஷயத்தில்தான் சிரிக்க முடியவில்லை.

பூமணியக்கா நறுவிலிக்குளத்து ஆள்; எங்கள் கந்தோரில் தேத்தண்ணி ஊற்றுகிறவ. தறப்பாள் கூரை போட்ட கொட்டிலில் படுக்கிறா. ஒரே மகன் கீர்த்தனன் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். தனி ஆளுக்கு வீடு இல்லை என்பது எங்கள் விதி. அவவோ, "நாங்கள் ரெண்டு பேர், மகன் வருவான்" என்கிறா. "ஒரு ஆள்தான், வீடில்லை, நீரே சொல்லும்" என்று மேலிடம் என் தலையில் கட்டிவிட்டது. பழைய மடுத்தீன் என்றால் "இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பான். நான் கருணையாய்ப் பேசினேன். கதிரையில் இருத்தி, "அக்கா, உங்கட மகனை நாங்கள் மறக்கேல்லை. கடவுள் ஆரையும் கைவிடார். எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றேன். இதில் "இல்லை" எங்கே இருக்கிறது? எனக்கே தெரியவில்லை. அவ எழும்பி, "சந்தோசம் தம்பி, நல்லா இருங்கோ" என்று சொல்லி, சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணியும் தந்தா.

போன ஞாயிறு பூசை முடிந்து நறுவிலிக்குளம் பக்கம் போனேன். பூமணியக்கா தன் காணியில் பற்றை வெட்டி, கயிறு கட்டி, தன்னந்தனியாய் அத்திவாரம் வெட்டிக்கொண்டிருக்கிறா! இரண்டு அறை. "இது மகன்ர" என்று கையால் காட்டுறா. திருக்கேதீஸ்வரத்தில் என் பேருக்கு அர்ச்சனையும் செய்தவவாம். மடுத்தீனுக்கு என்ன நட்சத்திரம் என்று ஐயர் கேட்டிருந்தால் என்ன சொன்னாவோ. நெஞ்சு வெடிச்சுப்போச்சு அக்கா. அப்படியே திரும்பி வந்தேன்.

நாளைக் காலை போய் உண்மையைச் சொல்லப்போகிறேன். பிறகு வேலையையும் விடுகிறேன். உங்கள் கருணைப் பேச்சு ஒரு தாயை ஏமாத்திப்போட்டுது. கத்துகிற வாய் பொய்யாவது சொல்லாது. மாதா உங்களைக் காக்கட்டும். எனக்காக வேண்டாம், பூமணியக்காவுக்காக மன்றாடுங்கள்.

உங்கள் சொற்கேட்டுக் கெட்ட தம்பி,
மடுத்தீன்

பி.கு.: உறையை ஒட்டாமல் வைத்தது நல்லதாய்ப் போயிற்று. காலை போய்ச் சொல்லிவிட்டேன். மண்வெட்டியைக் கீழே வைக்காமலே அவ சொன்னா: "எனக்கு அண்டைக்கே விளங்கினது தம்பி. இல்லையெண்டு சொல்லேலாமல் நீங்கள் வேர்த்து விறுவிறுத்துப் போனியள். பாவமாக் கிடந்தது, அதுதான் சந்தோசமெண்டனான்."

"அப்ப அந்த அர்ச்சனை?"

"இந்த மனசோட இந்த வேலை உங்களுக்குச் சரிவராது, ஆண்டவன்தான் துணை நிக்கவேணுமெண்டு செய்தனான்."

"இந்த அத்திவாரம்?"

"அவன் வந்தா, எங்க படுக்கிறதெண்டு கேப்பானெல்லோ."

வேலையை விடவில்லை அக்கா. ஒறுத்தல் முறிகிற பாவத்தை நீங்களே பொறுப்பெடுங்கோ. திங்கட்கிழமை மேலிடத்துக்குப் போறன். அந்த வீட்டில ரெண்டு பேர் எண்டு கத்தப்போறன்.