எல்லாக் கேள்விக்கும் மாமல்லன்

கையில் மைக் வந்துவிட்டால் எனக்குக் காது கேட்காது. டாக்டரிடம் காட்டித் தீர்க்கும் கோளாறு இல்லை இது. ஆறு வருடம் முன்பு, ஒரு குடியரசு தினத்தன்று, எங்கள் கேளம்பாக்கம் குடியிருப்பே கூடி நின்று பார்த்த கோளாறு.

அன்று தம்பதியருக்கான இந்திய வரலாற்று வினாடி வினா. ஜெயிக்கும் ஜோடிதான் மறுமாதம் குடியிருப்புப் பிள்ளைகளை மாமல்லபுரம் அழைத்துப்போய்ச் சிற்பங்களை விளக்க வேண்டும். என் மனைவி சுமதி பி.ஏ. வரலாறு. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பைப் பற்றி அவளிடம் கேட்டவர் யாருமில்லை (நான் உட்பட). அந்தப் பிள்ளைகளோடு போக அவளுக்கு அவ்வளவு ஆசை. அடுப்பில் சாம்பார் கொதிக்கக் கொதிக்க இரண்டு வாரம் படித்தாள். ஜோடியாக வர வேண்டும் என்ற விதிக்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டாள்.

இன்னொரு விதி, மைக்கில் ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டும். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"நீ காதுல சொல்லு, நான் கம்பீரமா சொல்லிடறேன்."

ஒன்பது கேள்வி வரை அப்படித்தான் போனது. அவள் கிசுகிசுப்பாள், நான் முழங்குவேன், கைதட்டல் எனக்கு. கைதட்டல் ஏற ஏற, பதிலெல்லாம் என் மண்டையிலிருந்துதான் வருகிறது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

கடைசிக் கேள்வி வந்தது. "இரண்டாம் புலிகேசி முதன்முறை பல்லவ நாட்டின் மேல் படையெடுத்தபோது, அங்கே ஆண்ட மன்னர் யார்?"

நான் திருநெல்வேலிக்காரன். ஆனால் இந்தக் கடற்கரைப் பக்கம் பத்து வருடம் இருந்தால் யாருக்கும் ஒரு வியாதி வரும். பஸ் போர்டு, ஓட்டல் பெயர், மனை விற்கிறவர் நோட்டீஸ், எங்கு பார்த்தாலும் மாமல்லன். பல்லவர் என்றால் வேறு ராஜாவே ஞாபகம் வராது.

"மகேந்திரவர்மன்" என்றாள் சுமதி. என் சட்டையைப் பிடித்து இழுத்து இன்னொரு தடவையும் சொன்னாள்.

மைக் செட் போட வந்த திருப்போரூர்க்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "அண்ணாத்த, அக்கா இன்னாமோ சொல்லிகினு கீது. கேளு அண்ணாத்த."

"நீ சும்மா இரு சுமதி, உனக்குத் தெரியாது!" (மைக் என் வாயருகில்தான் இருந்தது. மூன்று பிளாக்குக்கும் கேட்டது.) அப்புறம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மாமல்லன் நரசிம்மவர்மன்!" என்றேன்.

தப்பு. கேள்வி கேட்டவர் சரியான பதிலைச் சொன்னதும் கூட்டமே சிரித்தது. மைக் செட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா அப்பவே சொல்லிச்சுப்பா!"

சுமதி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

பிள்ளைகளை, ஜெயித்த எதிர் பிளாக் தம்பதி கூட்டிப்போனார்கள். பெற்றோராக நாங்களும் கூடப் போனோம். அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் நின்று, "இது யானை, அது பூனை" என்று அந்தக் கணவர் விளக்கியபோது, சுமதி எங்கள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றாள். பாவி நான், அவளுக்கும் பின்னால் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

மறுவருடப் போட்டியில், மைக்கில் பதில் சொல்ல அவள் பெயரை நானே எழுதிக் கொடுத்தேன். "வேணாம், நீங்களே போங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சொல்லிவிட்டாள்.

இப்போதும் வீட்டில் யார் எதைக் கேட்டாலும், கேஸ் எப்போது மாற்றினோம் என்று கேட்டால்கூட, மகள் ஒரு கரண்டியை என் வாயருகே நீட்டுவாள். நான் "மாமல்லன்!" என்று முழங்க வேண்டும். எல்லோரும் சிரிப்போம், சுமதியும்தான். பிறகு கரண்டி அவள் பக்கம் போகும். அவள் சரியான பதிலைச் சொல்வாள்.

கரண்டியைத் தள்ளிவிட்டு, என் காதோரம் குனிந்து, மெதுவாகத்தான் சொல்வாள்.