ஆயத்தசாமியின் வெயில் சட்டை

ஆயத்தசாமி என்று ஓர் இனம் உண்டு. எந்தப் பதிவேட்டிலும் இந்தப் பெயரை நீங்கள் பார்க்க முடியாது. வேறு யாரும் பெயர் வைக்காததால் நான்தான் வைத்தேன். ஆனால் ஆளை உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாளையிலிருந்து ஓடப் போகிறேன் என்று சொல்லிச் சப்பாத்து வாங்குவார். சப்பாத்தின் நிறத்துக்குக் காலுறை தேடுவார். காலுறை கிடைத்ததும் நெற்றிப்பட்டை இல்லாமல் என்ன ஓட்டம் என்று அதையும் வாங்குவார். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு கண்ணாடி முன் நின்று படம் எடுத்து வாட்சாப்பில் போடுவார். நாற்பது பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள். அன்றோடு ஓட்டம் முடிந்தது. மீன் பிடிக்கப் போகிறவர்களிலும் இவர் உண்டு, தூண்டிலைவிடத் தொப்பிக்கு அதிகம் செலவழித்தவர். தோட்டம் போடுகிறவர்களிலும் உண்டு, முழங்கால் வரை பூட்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வெண்டைச் செடிகூட நடாதவர்.

இந்த இனத்தின் தலைசிறந்த வகையை நீங்கள் பார்க்க வேண்டுமானால் குவாலா சிலாங்கூருக்கு வர வேண்டும், அதுவும் எங்கள் மாதா கோயில் புதையல் வேட்டை நடக்கிற ஞாயிற்றுக்கிழமை. ஒரு வண்டிக்கு நான்கு பேர். கையில் விடுகதைத் தாள். ஒவ்வொரு விடையும் ஓர் இடம்; அங்கே போய் முத்திரை வாங்க வேண்டும். எட்டு மணிக்குக் கொடி அசைத்தால் பன்னிரண்டு மணிக்குள் மண்டபத்துக்குத் திரும்பி வந்து கையெழுத்துப் போட வேண்டும். புதையல் என்பது ஒரு சுழற்கிண்ணம். தொடர்ந்து மூன்று வருடம் ஒரே குழு வென்றால் கிண்ணம் சுழல்வதை நிறுத்திவிட்டு அவர்கள் வீட்டு அலமாரியில் நிரந்தரமாகக் குடியேறிவிடும். எட்டு வருடமாகப் புள்ளி போடுகிறவன் நான். அதனால் நான் சொல்வதில் பாரபட்சம் இருக்காது.

எங்கள் ஆயத்தசாமியின் ஞானஸ்நானப் பெயர் பெர்னாட். வயது ஐம்பத்திரண்டு. செம்பனை எண்ணெய் ஆலையில் லோரிகளை எடை போடும் கிராணி. அவர் மனைவி யூஜினியா கிளினிக்கில் பதிவு எழுதுகிறார். டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்து எந்த விடுகதையையும் உடைக்கிற மூளை அவருக்கு வாய்த்திருக்கிறது. அப்படியும் இரண்டு வருடமாகக் கிண்ணம் போவது யூஜினியாவின் அக்காள் கிளாரிஸ்ஸாவின் வீட்டுக்கு. மூன்றாவது முறையும் போனால் திரும்பாது. யூஜினியா என்னிடமே ஒரு நாள் குமுறினார்.

"அக்கா வீட்டுக்குப் போனா, காப்பி கலக்குறதுக்கு முன்னாடி கிண்ணத்த எடுத்துத் தொடைக்கிறாண்ணே. ஒரு தூசி இல்ல. ஆனா என் கண்ணு முன்னால நின்னு தொடைக்கிறா."

இரண்டு வருடமும் தோற்றது ஏன்? விடை தெரியாமலா? இல்லை. முதல் வருடம் பெர்னாட் ஒரு சிலுவார் வாங்கியிருந்தார். முழங்காலில் ஜிப் இருக்கும். திறந்தால் முழுக்கால் அரைக்காலாகிவிடும். வலது கால் கழன்றது. இடது கால் ஜிப் சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்கிற வரை வண்டியை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. அரை மணி நேரம் போயிற்று. இரண்டாவது வருடம் இருபத்திரண்டு பாக்கெட் வைத்த மேற்சட்டை. விடைத்தாளை எதில் வைத்தார் என்று அவருக்குத் தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை. அடுத்த தவக்காலத்தில் துவைக்கும்போது கிடைத்தது. எல்லா விடையும் சரி.

இந்த வருடம் மூன்று மாதம் முன்பே பெர்னாட் சாப்பாட்டு மேசையில் வகுப்பைத் தொடங்கிவிட்டார். நான் அன்று போயிருந்தேன். அவர் மகள் அபிகெயில், கல்லூரியில் படிக்கிற பிள்ளை, கைப்பேசியை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"வெயிலுக்கு நெறம் வெள்ள. கை நீளம். கழுத்து மூடணும். துணி மூச்சு விடணும், அதான் முக்கியம். துணி மூச்சு விட்டாத்தான் நம்ம மூச்சு விடலாம்."

"டேடி, பழைய டீ-ஷர்ட், ஒரு தொப்பி, எனாஃப் லா."

"இப்படித்தான் ரெண்டு வருஷம் தோத்தோம்," என்றார் பெர்னாட். தோற்றது எப்படி என்று யூஜினியா சொல்ல வாயெடுத்தார், பிறகு எழுந்து போய் மீன் பொரிக்கத் தொடங்கினார்.

இதோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பார்கள். ஆயத்தசாமிக்குத் தான் உடுத்துவது போதாது, ஊரும் உடுத்த வேண்டும். ஏற்பாட்டுக் குழுவில் எங்களோடு உட்கார்ந்து, ஆறு விதிகள் எழுதி முடித்து நாங்கள் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏழாவது விதியை அவரே எழுதிச் சேர்த்தார். ஒவ்வொரு குழுவும் தன் பெயர் அச்சடித்த சட்டையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கொடி அசைத்ததிலிருந்து கையெழுத்துப் போடும் வரை அதைக் கழற்றக் கூடாது. கழற்றினால் தலைக்குப் பத்துப் புள்ளி குறையும். கிளாரிஸ்ஸா ஆட்கள் போன வருடம் ஆளுக்கொரு நிறத்தில் வந்தது அவர் கண்ணை அவ்வளவு உறுத்தியிருந்தது.

இப்போது சட்டை வாங்கிய கதைக்கு வருகிறேன். தயவுசெய்து பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்தத் தவறை நம்மைப்போல் வீட்டில் ஒரு மொழியும் கடையில் ஒரு மொழியும் பேசுகிறவர்கள்தான் செய்ய முடியும். பெர்னாட் மனதுக்குள் 'வெயில் சட்டை' என்று தமிழில் நினைத்தார். சட்டை அச்சடிக்கிற மலாய்க்காரப் பெண்ணுக்கு அதை அப்படியே மலாயில் அனுப்பினார். சட்டைக்கு பாஜு, சூட்டுக்கு பானாஸ். வெள்ளை நிறத்தில் பாஜு பானாஸ் நான்கு, முன்பக்கம் 'சிங்கங்கள்' என்று எழுத்து. அந்தப் பெண் எழுத்தின் படத்தை மட்டும் அனுப்பினாள். அழகாக இருந்தது. மாதிரிச் சட்டை வேட்டைக்கு முந்தைய புதன்கிழமை வந்தது.

பாஜு பானாஸ் என்றால் ஸ்வெட்டர்.

இது எல்லாருக்கும் தெரியும்தானே என்கிறீர்கள். பெர்னாட்டுக்கும் தெரியும். ஆனால் குளிரடிக்கிற கேமரன் மலைக்கு ஒரே ஒரு முறை போனவர் அந்தச் சொல்லை எத்தனை முறை சொல்லியிருப்பார்? பொட்டலத்தைப் பிரித்ததும் கோபத்தோடு கடைக்குக் கைப்பேசியில் கூப்பிட்டார். அவர் குழுவின் நான்காவது ஆள், பக்கத்து வீட்டுக்காரர், வேன் ஓட்டும் ரவீந்திரன், அப்போது கூடவே இருந்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அடேக், இனி பானாஸ் லா! சாயா மாவ் பாஜு செஜுக்! செஜுக்!"

இது சூடு, எனக்கு வேண்டியது குளிர்ச்சியான சட்டை என்று அர்த்தம். அப்படித்தான் பெர்னாட் நினைத்தார். "ஓ, பாஜு செஜுக்! பொலே, பாங், பொலே," தாராளமாக முடியும் அண்ணே என்று அந்தப் பெண்ணும் சந்தோஷமாகச் சொன்னாள். சனிக்கிழமை மாலை நான்கு சட்டைகளும் வந்துவிட்டன.

பாஜு செஜுக் என்றாலும் ஸ்வெட்டர்தான். குளிருக்குப் போடுவதால் அந்தப் பெயர். முதலில் வந்ததைவிடத் தடிமன். போதாததற்குத் தலையை மூடும் தொப்பி ஒன்று முதுகுப்பக்கம் தைத்திருந்தது. சூடு என்று கேட்டால் ஒரு ஸ்வெட்டர், குளிர் என்று கேட்டால் இன்னும் பெரிய ஸ்வெட்டர். அந்தப் பெண் மீது என்ன தப்பு? விடிந்தால் வேட்டை. வேறு சட்டைக்கு நேரமில்லை. போன வருடச் சட்டையில் வேறு பெயர். ஏழாவது விதியை எழுதியவரே அதைத் தளர்த்துங்கள் என்று ஃபாதரிடம் போய்க் கேட்பாரா?

ஞாயிறு காலை எட்டு மணிக்கே முப்பத்திரண்டு டிகிரி. புசுபுசுவென்று வெள்ளைக் கம்பளி உடுத்தி நான்கு சிங்கங்கள் வேனிலிருந்து இறங்கின. ஃபாதர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "மேய்ப்பனுக்கு இன்னிக்கி வேல வந்திருக்கு," என்றார். கிளாரிஸ்ஸா தன் மெல்லிய பச்சைச் சட்டையின் கைகளை ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டார். அதுவே யூஜினியாவுக்குப் போதுமாக இருந்தது.

அன்று யூஜினியா விளையாடியதைப்போல் எட்டு வருடத்தில் யாரும் விளையாடியதில்லை; இதுவும் ரவீந்திரன் சொல்லித்தான் தெரியும். முதல் விடுகதை: 'இரவெல்லாம் விளக்கு, பகலெல்லாம் லீவு, கரண்டு பில் கிடையாது.' கிளாரிஸ்ஸாவின் வண்டி கலங்கரை விளக்கத்தைத் தேடி மலையேறியது. யூஜினியா நேராகக் கம்போங் குவாந்தான் மின்மினிப் படகுத்துறைக்குப் போய் முத்திரை வாங்கிவிட்டார். அடுத்தது: 'பேரைச் சொன்னாலே பல் கூசும் குன்று.' பாதி படிக்கும்போதே, "புக்கிட் பெலிம்பிங், புளிச்சக் காய். வண்டிய எடு ரவி!" வேனில் ஏர்கான் ஓடியது. ஆனால் அது ஸ்வெட்டருக்கு வெளியே ஓடியது.

கடைசி விடுகதை: 'விடியுமுன் பேர் கூப்பிட்ட இடம், இன்று கூப்பிட ஆளில்லை.' அது பழைய தோட்டத்தில் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்ட பெரட்டுக் களம். சாலையில் வண்டியை விட்டுச் செம்பனை வரிசைக்குள் அரை மைல் நடக்க வேண்டும். அங்கேதான் நான் மேசை போட்டுத் தண்ணீரும் புள்ளித்தாளுமாக உட்கார்ந்திருந்தேன். கிளாரிஸ்ஸா குழு முன்பே வந்து முத்திரை வாங்கிப் போய்விட்டது. பதினொன்றரைக்கு மரங்களுக்கு நடுவே வெள்ளையாக நான்கு பேர் தெரிந்தார்கள். கடைசியாக வந்தவர் நேராக நடக்கவில்லை.

பெர்னாட்டின் முகம் நன்றாகப் பழுத்த செம்பனைக் குலையின் நிறத்தில் இருந்தது. அரிவாளும் சாக்குமாக மாட்டுக்குப் புல் அறுக்க வந்த வேலம்மா நின்று அவரை மேலும் கீழும் பார்த்தார். புருஷனின் பழைய நீளக்கைச் சட்டை, தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான் வேலம்மாவின் வெயில் உடுப்பு.

"என்னா சார், சொரமா?"

பெர்னாட் நாற்காலியில் விழுந்தார்.

"அண்ணே, கழட்டுங்கண்ணே," என்றார் ரவீந்திரன்.

"முடியாது லா. பத்துப் புள்ளி. கிண்ணம் போயிடும். யூஜி ரெண்டு வருஷமா..." பெர்னாட் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்கிறேன். இத்தனை நாள் இந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தவன், அந்த நிமிடம் எனக்கு அவர் மேல் பாசம் வந்துவிட்டது. உடுப்புக்காக மனைவியின் கிண்ணத்தைத் தோற்றவர், இப்போது கிண்ணத்துக்காக உடுப்புக்குள் வெந்துகொண்டிருந்தார்.

யூஜினியா என் பக்கம் திரும்பினார். "அண்ணே, அக்கா எத்தன?"

புள்ளியைச் சொல்லக் கூடாது என்று விதி இல்லை. விதி எழுதியவர் சட்டையைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை. "எண்பது," என்றேன். "நீங்க தொண்ணூத்தி ரெண்டு. இனிமே புள்ளி எதுவும் இல்ல. பன்னெண்டுக்குள்ள போய்ச் சேரணும், அவ்வளவுதான்."

யூஜினியா ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் யோசித்தார். "ஒரு ஆளு கழட்டலாம்."

அபிகெயில் ஆசையோடு நிமிர்ந்தாள். ரவீந்திரன் வானத்தைப் பார்த்தார்; பக்கத்து வீட்டுக்காரர், கேட்க முடியுமா? பெர்னாட் மெதுவாக, "நீ கழட்டு யூஜி," என்றார்.

"கையத் தூக்குங்க."

"வேணாம். உள்ள..."

"உள்ள என்ன? தூக்குங்க!"

தூக்கினார். ஒரே இழுப்பு. வெளியே தெரிகிற சட்டையை மூன்று மாதம் தேர்ந்தெடுத்தவர், உள்ளே போடுவதைக் காலை இருட்டில் கைக்கு அகப்பட்டபடி எடுத்திருக்கிறார். மஞ்சளாகிப்போன பனியன். ஏழு ஓட்டை, நான் எண்ணினேன். முதுகில் இருந்தது ஒரு ரம்புத்தான் பழம் போய்வரும் அளவு. வேலம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஒரு போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றியதும் பெர்னாட்டுக்குத் தெம்பு வந்தது. "மண்டபத்துல ஃபாதர் இருப்பாரே," என்பதுதான் முதல் பேச்சு.

ஃபாதர் இருந்தார். பங்குச் சனம் முழுவதும் இருந்தது. பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது மூன்று ஸ்வெட்டர்களும் ஒரு பனியனும் ஓடி வந்து கையெழுத்துப் போட்டன. எண்பத்திரண்டுக்கு எண்பது. யூஜினியா கிண்ணத்தை வாங்கியபோது அழுதார். கழுத்துவரை வியர்வை, எது கண்ணீர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. படம் எடுக்கும்போது பெர்னாட் பின்வரிசைக்கு நழுவப் பார்த்தார். யூஜினியா அவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார். படம் இப்போதும் மண்டபச் சுவரில் இருக்கிறது, ஓட்டைகளோடு.

இதோடு திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? மறுவாரம் பூசை முடிந்து காப்பி மேசைப் பக்கம் போனேன். பெர்னாட்டைச் சுற்றி நான்கு ஆண்கள் நின்றார்கள்.

"எல்லாம் போட்டுப் பாத்துட்டேன்," என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். "வெயிலுக்கு பனியன்தான். ஆனா புதுசு ஆவாது. ஓட்ட இருக்கணும். வெலாப் பக்கம் ரெண்டு, முதுகுல ரெண்டு. முன்னால வேணாம், படத்துல தெரியும்."

"கத்தரிக்கோல்ல வெட்டலாமாண்ணே, இல்ல தானா கிழியணுமா?" என்று ஒருவர் மிகவும் கவலையோடு கேட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் முதுகில் இரண்டு போதுமா, மூன்றாவது வேண்டியிருக்குமா என்று உங்கள் மனம் ஒரு கணம் கணக்குப் போட்டதே, அதை நான் கவனிக்காமல் இல்லை. மூன்றுதான் சரி. இரண்டு வைத்தால் நடுமுதுகு வேகிறது.