பதினோரு மணி ஒத்திகை

அபாயமணி அலறியது. நோயாளிகள் எழுந்து ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை, மணி வேலை செய்கிறதா என்று நான்தான் அழுத்திப் பார்த்தேன்.

உலகில் எத்தனையோ தொழில்கள் இருக்கலாம். ஆனால் மனித குலத்தைக் காப்பவன் மருத்துவமனை நிர்வாகி ஒருவன்தான். மருத்துவர் ஒரு நேரத்தில் ஒரு நோயாளியைத்தான் பார்க்கிறார். நிர்வாகியோ ஒரே நேரத்தில் எல்லா நோயாளிகளையும் பார்க்காமல் இருக்கிறான். இந்தக் கலையை நான் முறைப்படி படித்துப் பட்டமும் வாங்கியிருக்கிறேன்.

அன்று தரச்சான்றிதழ்க் குழு வருகிற நாள். அவர்கள் தலையசைத்தால் துணை மேலாளரான நான் மேலாளர். என் மனைவி சொந்தக்காரர்களிடம் எனக்கு முன்கூட்டியே பதவி உயர்வு கொடுத்துவிட்டாள். ஆகவே பின்வாங்க வழியில்லை.

குழுவுக்குக் காட்ட ஓர் 'அவசர சிகிச்சை ஒத்திகை' ஏற்பாடு செய்திருந்தேன். மாரடைப்பு வந்தவராக நடிக்க என் மச்சினன். வீட்டில் வேலை சொன்னாலே அவனுக்கு நெஞ்சு வலி வரும், அனுபவசாலி.

ஒலிபெருக்கியில் அறிவித்தேன்: "பதினோரு மணிக்கு ஒத்திகை நோயாளி வருவார். உண்மையான நோயாளிகள் தயவுசெய்து வழிவிட்டு ஒத்துழைக்கவும்."

ஓர் அம்மாள் குறுக்கே வந்தார்.

"சார், எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே இருக்காரு."

"டோக்கன் வாங்கிட்டீங்களா?"

"வாங்கி ரொம்ப நேரமாச்சு சார்."

"அப்ப பாதி வைத்தியம் முடிஞ்சுதுன்னு வெச்சுக்குங்க. போய் உக்காருங்கம்மா."

"உக்காந்துதான் சார் இருக்கோம்."

"இங்க இல்லம்மா, பின்னாடி வராந்தாவுல. இந்த இடம் குழுவுக்கு வேணும்."

அவர் கணவரைத் தாங்கிப் பிடித்து அழைத்துப் போனார். அந்த மனிதரின் முகத்தை நான் பார்க்கவில்லை. எங்கள் பாடத்திட்டத்தில் முகம் கிடையாது. இடம் காலியானதைப் பார்த்தேன், மனம் குளிர்ந்தது.

குழு வந்து அமர்ந்தது. மணியை அழுத்தினேன். மச்சினனைக் காணோம். என் மேலாளர் பதவி வாசல் வரை வந்து திரும்பிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது, "ஒத்திகை! ஒத்திகை நோயாளி! வழி விடுங்க!" என்று ஒரு பெண் குரல். கதவை இடித்துத் திறந்துகொண்டு ஒரு சக்கர நாற்காலி உள்ளே வந்தது. அதில் ஒருவர் தலை சாய்ந்து கிடந்தார். மச்சினன் தனக்குப் பதில் ஆள் அனுப்பிவிட்டான்! குடும்பத்தில் பொறுப்புள்ளவன் அவன் ஒருவன்தான்.

அடுத்து நடந்ததுதான் நிர்வாகத்தின் உச்சம். நாலு பக்கமிருந்தும் டாக்டர்கள் பாய்ந்தார்கள். நம்மிடம் இத்தனை டாக்டர்கள் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒரு நர்ஸ் ஊசி போட, இன்னொருவர் பிராணவாயுக் குழாயை மாட்ட, யாரும் யாரையும் டோக்கன் கேட்கவில்லை.

"வேர்வைகூட நிஜம் மாதிரியே இருக்கே! நாடகக்காரரா?" என்றார் குழுத் தலைவர்.

"எல்லாம் பயிற்சி சார்," என்றேன் அடக்கமாக.

பெரிய டாக்டர் நிமிர்ந்தார். "சார், இது நிஜமான அடைப்பு! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆள் போயிருப்பாரு!"

"பிரமாதம்! டாக்டரும் நடிப்புல சளைச்சவர் இல்ல," என்று தலைவர் எங்களுக்கு முழு மதிப்பெண் போட்டார்.

கை குலுக்கி அவர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பினால், எதிரே மூச்சிரைக்க மச்சினன்.

"மாமா, பஸ் லேட்டு. இப்ப எங்க விழணும்?"

எனக்கு நிஜமாகவே நெஞ்சு அடைத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினேன். அந்த அம்மாள் கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கையில் அவர் கணவர் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரரைக் கொண்டுவந்து ஒத்திகைன்னு சொல்லியிருக்கீங்களே! ஆஸ்பத்திரியில பொய் சொல்லலாமா? எவ்வளவு பெரிய ஒழுங்கீனம் தெரியுமா இது?"

அவர் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை.

"உண்மையைச் சொன்னேன், உக்காரச் சொன்னீங்க. பொய் சொன்னேன், பொழைச்சுட்டாரு சார்."