புயலை நம்பி எடுத்த டிக்கெட்

என் மனைவியைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவு பண்ணிவிட்டேன்.

என்னைத் தெரிந்தவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிப்பார்கள். படிக்கட்டும். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். கற்றுக்கொள்கிறவர் கையில் ஸ்டியரிங் இருக்கும், என் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அந்த பிரேக்தான் என் தைரியம். அது இல்லாத வண்டியில் உட்கார்ந்தால் எனக்கு வியர்த்துக் கொட்டும். பஸ்ஸில் போனால்கூட டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து தரையை மிதித்துக்கொண்டேதான் வருவேன். கப்பலில் எதைப் போய் மிதிப்பது? கீழே தண்ணீர்.

தண்ணீர் என்றால் எனக்கு அத்தனை பயம். குளியலறையில் வாளி நிரம்பி இருந்தால் பாதியைக் கொட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். இது எனக்கும் வாளிக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் என்று பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். யாருக்கு என்றைக்கு எந்த நேரத்தில் எந்தப் பல் என்று முடிவு செய்கிறவள் அவள்தான். டாக்டர் பிடுங்குவதோடு சரி. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் நகை கேட்டதில்லை, பெரிய வீடு கேட்டதில்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"நடுக்கடல்ல நின்னு சுத்திப் பார்க்கணுங்க. எந்தப் பக்கம் திரும்பினாலும் கரையே தெரியக் கூடாது."

எனக்கோ எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை மட்டும்தான் தெரிய வேண்டும். எங்கள் பொருத்தம் அப்படி.

சாக்குக்கா பஞ்சம்? ஒரு வருஷம் எனக்கு முதுகுவலி என்றேன். ஒரு வருஷம் காருக்கு என்ஜின் கோளாறு என்றேன். அப்புறம் பையனுக்குப் பரீட்சை. பையன் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் ஒரு வருஷம் பழக்க தோஷத்தில் பரீட்சை என்றே சொல்லிவிட்டேன். அவள் சண்டை போடவில்லை. பத்திரிகையில் வந்த ஒரு கப்பல் படத்தை வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அவ்வளவுதான். சண்டை போட்டால் பதில் சொல்லலாம். ஃபிரிட்ஜுக்கு என்ன பதில் சொல்வது?

இந்த நிலைமையில்தான் எதிர் வீட்டு வக்கீலை மாடிப்படியில் பிடித்தேன். எந்தச் சட்டத்தைக் கேட்டாலும் அவர் கரை கண்டவர். அவருடைய கட்சிக்காரர்கள்தான் இன்னும் கரை சேரவில்லை.

"வக்கீல் சார், கப்பல்ல டிக்கெட் எடுக்கறோம். கப்பல் கிளம்பலைன்னா என்ன ஆகும்?"

"ஏன் கிளம்பல?"

"புயல்னு வைச்சுக்குங்களேன்."

"புயலுக்குக் கம்பெனி பொறுப்பாகாது மாஸ்டர். நஷ்ட ஈடுன்னு கேக்க முடியாது. ஆனா பயணிக்கு ரெண்டு வழி இருக்கு. குடுத்த பணத்தை முழுசா வாங்கிட்டு வீட்டுக்குப் போகலாம். இல்லேன்னா அவங்க குடுக்கற வேற பயணத்துல போகலாம். ரெண்டுல எதுன்னு பயணிதான் சொல்லணும், கம்பெனி சொல்லக் கூடாது. துறைமுகத்துல காக்க வைச்சா காபி, சாப்பாடு எல்லாம் அவங்க தலையில."

"பணம் முழுசாவா?"

"முழுசா."

"புயல் வர்ற மாசம்னு தெரிஞ்சே டிக்கெட் எடுத்திருந்தா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "மாஸ்டர், உங்களுக்குக் கப்பல் போகணுமா, போகக் கூடாதா?"

"சும்மா, பொது அறிவுக்குக் கேட்டேன்."

என் மூளையை நானே தட்டிக்கொடுத்தேன். புயல் மாதத்தில் டிக்கெட் எடுப்பது. புயல் வரும், கப்பல் நிற்கும், பணம் திரும்பும். மனைவியைக் கடலுக்குக் கூட்டிப்போக முயன்ற நல்ல புருஷன் என்ற பேர் மட்டும் என்னிடமே தங்கிவிடும். இருப்பதிலேயே சின்னப் பயணமாகப் பார்த்தேன். கடலுக்குள் கொஞ்ச தூரம் போய்விட்டு இரண்டே ராத்திரியில் திரும்பிவிடுகிற கப்பல். கெத்தாக இருக்கட்டும் என்று முதல் பயணி என்ற இடத்தில் அவள் பேரைப் போட்டேன்.

"உன் பேர்லயே எடுத்திருக்கேன், பாரு" என்று நீட்டினேன்.

அவள் டிக்கெட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி டிக்கெட்டைப் பார்த்தாள்.

"இந்த மாசத்துலயா?"

"ஏன், என்ன?"

"ஒண்ணுமில்ல. காத்து கொஞ்சம் அடிக்குமேன்னு பார்த்தேன்."

"காத்து அடிச்சாத்தானே அது கடல்."

"அதுவும் சரிதான்" என்றாள். மறுநாளே ஒரு தொப்பி வாங்கி வந்தாள். காற்றில் பறக்காமல் தாடையில் கட்டிக்கொள்ள நாடா வைத்த தொப்பி. கண்ணாடி முன்னால் நின்று அவள் அதைக் கட்டிக் கட்டிப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவி, இவளை ஏமாற்றுகிறாயே என்று மனசு இடித்தது. வாளியை நினைத்து மனசை அடக்கினேன்.

ஆனால் புயலைக் காணோம். வெயில் மண்டையைப் பிளந்தது. டிவியில் வானிலை சொல்கிற பெண் சிரித்த முகத்தோடு வந்தால் நான் டிவியையே அணைத்துவிடுவேன். கடலில் எங்கேயோ ஒரு சுழல் உருவாகும், நானும் ஆசையாகப் பார்ப்பேன், அது வேறு பக்கம் போய்விடும். மாமியார் வீட்டு விருந்தாளியைக்கூட நான் இப்படி எதிர்பார்த்ததில்லை. கடைசியில் கிளம்புவதற்கு முதல் நாள் வந்ததே ஒரு புயல். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சிரித்துவிட்டு, இந்தப் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டேன்.

"கிளம்பாது போலிருக்கேம்மா."

"போய்ப் பார்ப்போம். போகாமலே எப்படித் தெரியும்?" என்று பெட்டியை இழுத்தாள்.

துறைமுகத்தில் பெரிய கூடம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கப்பல் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் போல நின்றது. அதைப் பார்க்காமல் இருக்க நான் தூணைப் பார்த்து உட்கார்ந்தேன். தாமதம் என்று அறிவித்தார்கள். வக்கீல் சொன்ன மாதிரியே காபியும் பிஸ்கட்டும் வந்தன. சட்டம் வேலை செய்கிறது என்று தெரிந்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. துக்கத்தை இன்னும் கொஞ்சம் எடுப்பாகக் காட்டலாமே என்று எழுந்தேன்.

"என் மனைவி எத்தனை வருஷமா ஆசைப்பட்ட பயணம் இது. நான் சும்மா விடப் போறதில்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாடிக்காரர் மரியாதையாகக் கேட்டார். "சார் வக்கீலா?"

"வக்கீலுக்கு எதிர் வீடு."

அதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. கூட்டம் கூடிவிட்டது. பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை என்று யாரோ என்னை நாற்காலி மேல் ஏற்றினார்கள். தரையிலேயே எனக்கு நாக்கு நீளம். நாற்காலி மேல் கேட்க வேண்டுமா?

"யாரும் ஏமாந்துடாதீங்க. வேற பயணம் தர்றோம்னு இனிக்க இனிக்கப் பேசுவாங்க. மயங்காதீங்க. பணத்தைத் திருப்பிக் கேளுங்க. எதுன்னு முடிவு பண்றது பயணியோட உரிமை. அதுல கம்பெனியும் தலையிட முடியாது, வேற யாரும் தலையிட முடியாது."

கை தட்டினார்கள். என் மனைவியும் தட்டினாள்.

அந்த நேரம் பார்த்து அறிவிப்பு வந்தது. புயல் காரணமாகப் பயணம் ரத்து. பணம் வேண்டுபவர்கள் இடது பக்கக் கவுண்ட்டர், வேறு பயணம் வேண்டுபவர்கள் வலது பக்கம். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாற்காலியிலிருந்து நிதானமாக இறங்கினேன். அதற்குள் கூடம் மொத்தமும் இடது பக்கம் ஓடி, வரிசை வாசல் வரைக்கும் போயிருந்தது. தலைவனுக்குக் கடைசி இடம்தான் கிடைத்தது.

"நீங்க போய் நில்லுங்க. நான் பெட்டியைப் பாத்துக்கறேன்" என்றாள் என் மனைவி. குரலில் துக்கமே இல்லை. தாங்கிக்கொள்கிறாள் என்று நினைத்து உருகினேன்.

நின்றேன். கால் மரத்துப் போகும் வரை நின்றேன். ஒருவழியாக என் முறை வந்தது. கவுண்ட்டர்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இதுக்கு இங்க பணம் தர முடியாது சார். கப்பல் மாத்தியாச்சு."

"யாரு மாத்தினது?"

"முதல் பயணி. மேடம்."

"என் மனைவியா?" என்று நான் போட்ட கூச்சலில் கூடம் முழுக்கத் திரும்பியது. ஊருக்கே உரிமை வாங்கிக் கொடுத்தவனுக்கு வீட்டில் கிடைத்த மரியாதையை எல்லோரும் பார்த்தார்கள். அன்றைக்கு அந்தத் துறைமுகத்தில் கப்பலேறியது என் மானம் மட்டும்தான்.

என் மனைவி பெட்டி மேல் உட்கார்ந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"என்ன காரியம் பண்ணியிருக்கே?"

"வலது பக்கக் கவுண்ட்டர்ல ஈ ஓட்டிட்டு இருந்தாங்க. நீங்கதான் அத்தனை பேரையும் அந்தப் பக்கம் திருப்பி விட்டுட்டீங்களே. நான் ஒருத்தி போனதும் உட்கார வைச்சு, எது வேணும்னாலும் எடுத்துக்குங்கன்னாங்க. அடுத்த மாசக் கப்பல். இதைவிடப் பெரிசு. பால்கனி வைச்ச அறை."

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"பயணியோட உரிமை, வேற யாரும் தலையிட முடியாதுன்னு நாற்காலி மேல நின்னு சொன்னீங்க. முதல் பயணின்னு என் பேரைப் போட்டதும் நீங்கதான். நான் எதுல தப்புப் பண்ணினேன்?"

அவள் கொஞ்சம் நகர்ந்து பெட்டியில் இடம் விட்டாள்.

"உட்காருங்க. பயப்படாதீங்க, நீங்க வர வேணாம்."

"எனக்கென்ன பயம்?"

"டிக்கெட்டைப் பார்த்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. பல்லைப் பிடுங்கப் பயந்தவங்க எங்க ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினா முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? டாக்டர் என்னிக்கு லீவுன்னு கேப்பாங்க. அந்தத் தேதியைத்தான் குடுன்னு அடம் பிடிப்பாங்க. நீங்க புயல் மாசத்துல டிக்கெட் எடுத்துட்டு வந்து நிக்கறீங்க."

"அப்போ வாளி?"

"பாதி வாளி தினமும் காணாமப் போனா, நிரப்பறவளுக்குத் தெரியாதா?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பிஸ்கட்டை உடைத்துப் பாதியை என் கையில் வைத்தாள்.

"கப்பல் போகலைன்னு எனக்கு வருத்தமில்ல. பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லாம, இத்தனை வருஷமா முதுகுவலி, என்ஜின்னு சொன்னீங்க பாருங்க. அதுதான் வருத்தம்."

"பயமா இருக்கும்மா" என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினது போல இருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவள் மேல் அன்பாகவும் இருந்தது.

"தெரியும். அதான் உங்க இடத்தை எதிர் வீட்டு வக்கீலம்மாவுக்குக் குடுத்துட்டேன். போன்ல கேட்டேன். இப்பவே பெட்டி எடுத்து வைக்க ஆரம்பிச்சுட்டாங்களாம்."

அப்பாடா என்றது மனசு. ஒரு வாய் காபி குடிக்கிற நேரம்தான் அந்த அப்பாடா நீடித்தது. பிறகு நடுக்கடல் கண் முன்னால் வந்தது. பால்கனியில் என் மனைவி. எந்தப் பக்கமும் கரை இல்லை. அவள் வாய் மலர்ந்து "அங்க பாருங்களேன்" என்று பக்கத்தில் திரும்புகிறாள். பக்கத்தில் வக்கீலம்மா, தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டு.

அந்த "பாருங்களேன்" என்னுடையது. சுவரில் பல்லி வந்தாலும், பால் பொங்கினாலும், இத்தனை வருஷமாக அவள் அதை என்னிடம்தான் சொல்லியிருக்கிறாள். ஆசைப்பட்டதைப் பார்க்கிற அன்றைக்கு மட்டும் வேறொருவரிடம் சொல்வாளா?

"அது என் இடம்" என்றேன்.

"பயமா இருக்குன்னீங்களே."

"பயமும் என்னோடது, இடமும் என்னோடது."

வலது பக்கக் கவுண்ட்டருக்கு ஓடினேன். அங்கே ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். வக்கீலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"வக்கீல் சார், என் சம்மதம் இல்லாம என் இடத்தை வேற ஆளுக்குக் குடுக்க முடியுமா?"

"எப்படி முடியும் மாஸ்டர்? உங்க பேர்ல இருக்கிற இடம். நீங்க ஒத்துக்கிட்டாத்தான் மாத்த முடியும்."

"கேட்டுக்குங்க" என்றேன் அந்தப் பெண்ணிடம். "நான் ஒத்துக்கல. இந்தக் கப்பல்ல நான் போவேன். போயே தீருவேன்."

"பணம் வேணாமா சார்?"

"வேணாம்."

"அப்புறம் வந்து மனசு மாறிடுச்சுன்னு கேக்கக் கூடாது."

"நான் மாறுற ஆளா?"

"அப்போ இங்க கையெழுத்துப் போடுங்க."

பேப்பர் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டேன். வாங்கிய பணத்தை எண்ணிக்கொண்டு நின்ற தாடிக்காரர் பரிதாபமாகக் கேட்டார். "சார், பணத்தைக் கேளுங்கன்னு சொன்னீங்களே?"

"அது காலையில" என்றேன்.

கவுண்ட்டர் பெண் கையெழுத்தைச் சரி பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "சார், வேற ஆளுக்கு இடம் குடுத்தாங்கன்னு யார் சொன்னது? இதுல ரெண்டே பேர்தான், மேடமும் நீங்களும். 'அவர் இப்ப கோபமா வருவாரு, வந்தா கையெழுத்து வாங்கிடுங்க'ன்னு மேடம் அப்பவே சொல்லிட்டுத்தான் போனாங்க."

மெதுவாகத் திரும்பினேன். என் மனைவி பெட்டியை உருட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"பயந்துட்டு வராம இருக்கிறவங்களுக்கு நான் ஒண்ணே ஒண்ணுதாங்க சொல்லுவேன். உங்க நேரத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்னு. அடுத்த நிமிஷம் ஓடி வந்து வாயைத் திறந்துடுவாங்க."

திறந்திருந்த வாயை மூடிக்கொண்டேன். கோபப்படலாமா என்று யோசித்தேன். அவள் என் கையை இறுக்கமாகப் பிடித்திருந்தாள், கோபம் வரவில்லை. சரி, கண்ணை மூடிக்கொண்டு கட்டிலைக் கெட்டியாகப் பிடித்துப் படுத்தால் இரண்டு ராத்திரி ஓடிவிடும். அதைத் தாங்க மாட்டேனா?

"இதுவும் ரெண்டு ராத்திரிதானே?" என்று கேட்டேன்.

அவள் தொப்பி நாடாவைச் சரியாகக் கட்டிக்கொண்டாள்.

"போறதுக்கு மட்டும் கேக்கறீங்களா, வர்றதுக்கும் சேர்த்தா?"